மூலிகையும் இன்புளுவென்சாவும்: மூன்று அளவைகளில் ஒரு பாடம்



வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கும். "நிலவேம்பு காய்ச்சிக் குடிச்சா போதும், எதுக்கு கிளினிக்?" என்பது ஒரு குரல். "இதெல்லாம் பழங்காலத்து நம்பிக்கை, கசாயத்தைத் தூக்கிப் போட்டுட்டு மருந்தைச் சாப்பிடுங்க" என்பது இன்னொரு குரல். இரண்டுமே அன்பினால் வருபவைதாம். ஆனால் இரண்டுமே ஆராயாமல் வரும் முடிவுகள்.

இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது இதுதான்: தாவரங்களில் உள்ள பொருள்கள் இன்புளுவென்சா வைரஸை எதிர்க்குமா? எதிர்க்கும் என்று ஆய்வுகள் சொன்னால், அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதை எடைபோட ஒரு கருவி தேவை. அந்தக் கருவியை வெளியே தேட வேண்டியதில்லை. நம் சைவ சித்தாந்தத்திலேயே இருக்கிறது.

ஃபுளூ என்பது எது?

நம் ஊரில் மூக்கு ஒழுகினாலே "எனக்கு ஃபுளூ" என்று சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரணச் சளிதான். அதற்குக் காரணமான வைரஸ்கள் வேறு. இன்புளுவென்சா திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் கடும் காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல் என்று படுத்துவிடுவார். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்தில் தானாகவே குணமாகிவிடும். இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

எல்லோருக்கும் அப்படிக் குணமாவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்புப்படி ஆண்டுதோறும் 30 முதல் 50 இலட்சம் பேருக்கு இந்நோய் கடுமையாகிறது. சுவாசக் கோளாறினால் மட்டும் 290,000 முதல் 650,000 பேர் வரை இறக்கிறார்கள். 1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் உலகெங்கும் ஏறத்தாழ 50 மில்லியன் மக்கள் மாண்டார்கள் என்பது பலரும் ஏற்கும் கணிப்பு. இந்தியாவில் மட்டுமே ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். குளிர் நாடுகளில் இது குளிர்கால நோய். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளிலோ ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

முதியவர்கள், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நம் சமுதாயத்தில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அதனால் இது ஏதோ அறிவியல் பாடம் மட்டுமல்ல, நம் வீட்டுப் பாட்டி தாத்தாவைப் பற்றிய பாடம்.

வைரஸ் செய்யும் நான்கு வேலைகள்

ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் இன்புளுவென்சா வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறியது. அதற்குத் தானாக வாழத் தெரியாது. நம் உடலின் செல்லுக்குள் புகுந்துதான் பெருக முடியும். அதற்கு நான்கு வேலைகள் செய்தாக வேண்டும்.

முதலாவது, ஒட்டிக்கொள்வது. வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முள்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் தொண்டை, நுரையீரல் செல்களின் மேல் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருள் உண்டு. முள் அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, உள்ளே போய்த் தன் உறையைக் கழற்றுவது. மூன்றாவது, நம் செல்லையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் போல ஆயிரக்கணக்கான பிரதிகளை எடுப்பது. நான்காவது, வெளியேறுவது. புதிய வைரஸ்கள் வெளியே வரும்போது அதே சியாலிக் அமிலத்தில் சிக்கிக்கொள்ளும். அதை வெட்டிவிட நியூராமினிடேஸ் என்ற நொதி கத்தரிக்கோல் போல வேலை செய்கிறது.

எச்1என்1, எச்3என்2 என்று செய்திகளில் படிக்கிறோமே, அந்த 'எச்' ஒட்டும் புரதத்தையும் 'என்' கத்தரிக்கோலையும் குறிக்கும். இந்த நான்கு வேலைகளில் ஒன்றைத் தடுத்தாலும் வைரஸ் பெருகுவது தடைப்படும். மருந்து தேடுபவர்கள் எல்லோரும், அது மூலிகையோ மாத்திரையோ, இந்த நான்கு வாசல்களில் ஒன்றைப் பூட்டத்தான் பார்க்கிறார்கள்.

காண்டல், கருதல், உரை

இனி நம் கருவிக்கு வருவோம். அருள்நந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், கடவுள், உயிர், உலகம் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே 'அளவை' என்ற பகுதியை வைக்கிறது. ஒன்றை உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம் என்பதுதான் அதன் கேள்வி. பலரும் பல அளவைகளைச் சொன்னாலும் அவை எல்லாம் மூன்றில் அடங்கும்: காண்டல், கருதல், உரை. நேரில் அறிவது காண்டல். ஒன்றைக் கொண்டு இன்னொன்றை ஊகித்து அறிவது கருதல். நம்பத் தகுந்தவரின் சொல்லால் அறிவது உரை.

காண்டலிலும் எல்லாம் செல்லாது. ஐயமும் திரிபும் இல்லாத காட்சிதான் அளவையாகும். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பார்த்துப் பாம்போ கயிறோ என்று தடுமாறுவது ஐயம். பாம்பேதான் என்று முடிவு கட்டுவது திரிபு. சித்தாந்தம் இதைப் பேசுவது மெய்ப்பொருளை அறிவதற்காக. ஆனால் அந்த ஒழுங்கை மூலிகைக்கும் பொருத்திப் பார்க்கத் தடையில்லை.

உரை: பெரியோர் சொன்னது என்ன?

நிலவேம்புக் குடிநீர் சித்த மருத்துவத்தில் பெயர் பெற்றது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது பொருள்கள் சேர்ந்தது. நிலவேம்பை மலாய்க்காரர்கள் 'ஹெம்பெடு பூமி' என்கிறார்கள். பூமியின் பித்தம் என்று பொருள். ஒரு வாய் குடித்தவருக்குப் பெயர்க்காரணம் உடனே விளங்கும்!

இத்தனை தலைமுறையாகச் சொல்லப்பட்ட சொல்லை அலட்சியம் செய்வது அறிவுடைமை அல்ல. ஆனால் அந்தச் சொல் எதைச் சொல்கிறது என்று கவனியுங்கள். சித்த நூல்கள் பேசுவது 'சுரம்' பற்றி. அது ஒரு நோயின் பெயரல்ல, பல நோய்களின் அடையாளம். மனிதரிடமிருந்து இன்புளுவென்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். ஆகவே "நிலவேம்பு சுரத்துக்கு நல்லது" என்பது பெரியோர் உரை. "நிலவேம்பு இன்புளுவென்சா வைரஸைக் கொல்லும்" என்பது அவர்கள் சொன்னதல்ல. அது நாம் பின்னால் ஒட்டவைத்தது.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியோ உரையே ஆகாது. சொன்னவர் யார், எந்த நூலில் பார்த்தார், அவருக்கு இதில் என்ன இலாபம், ஒன்றும் தெரியாது. "சித்தர்கள் அன்றே சொன்னார்கள்" என்று தொடங்கினால் மட்டும் அது சித்தர் வாக்காகிவிடாது.

கருதல்: கண்ணாடித் தட்டிலிருந்து உடம்புக்கு

இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். அங்கே செல்களை ஒரு தட்டில் வளர்த்து, வைரஸை விட்டு, தாவரப் பொருளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். இப்படிச் செய்ததில் பல நல்ல முடிவுகள் கிடைத்துள்ளன. மஞ்சளில் உள்ள குர்குமின், ஹீமக்ளூட்டினின் ஒட்டுவதைத் தடுக்கிறது என்று 2010இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பச்சைத் தேநீரில் உள்ள கேட்டச்சின் வகைப் பொருள்களும் வைரஸ் ஒட்டுவதைத் தடுத்தன. வெங்காயத்தில் உள்ள குவர்செட்டினும் தட்டில் வைரஸ் நுழைவதைத் தடுத்தது. வேறு பல தாவர நிறப்பொருள்கள் நியூராமினிடேஸ் கத்தரிக்கோலை மழுங்கடித்தன. துளசிச் சாற்றைப் பறவைக் காய்ச்சல் வைரஸுக்கு எதிராகக் கோழிமுட்டைக் கருவில் சோதித்து, பலன் தெரிவதாக இந்திய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள்.

இவை பொய்யல்ல. தட்டில் கண்டது காண்டல்தான். ஆனால் "அப்படின்னா மஞ்சள் பால் குடிச்சா ஃபுளூ போயிடும்" என்று சொல்லும் கணத்தில் நாம் காண்டலை விட்டுக் கருதலுக்குத் தாண்டிவிட்டோம். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டென்று ஊகிக்கலாம். ஏன்? நெருப்பில்லாமல் புகை வராது என்ற விட்டு நீங்காத தொடர்பு இருக்கிறது. தட்டில் வேலை செய்ததெல்லாம் உடம்பில் வேலை செய்யும் என்ற தொடர்பு இருக்கிறதா? இல்லை. கழிவறை கழுவும் பிளீச்சைத் தட்டில் ஊற்றினாலும் வைரஸ் செத்துவிடும். செல்லும் சேர்ந்து சாகும். அதை யாரும் மருந்தென்று குடிப்பதில்லை.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 விழுக்காடுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் அது 0.1 கிராமுக்கும் குறைவு. 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமினைக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார்கள். இருபது தேக்கரண்டிக்கும் மேலான மஞ்சளுக்குச் சமமான அளவு அது. இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவோ மிகச் சொற்ப அளவோதான் இருந்தது. குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சிய கொஞ்சத்தையும் உடல் விரைவாக மாற்றி வெளியேற்றிவிடுகிறது.

அதே ஆய்வில் மிளகில் உள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உடல் ஏற்கும் அளவு 2000 விழுக்காடு கூடியது. மஞ்சளோடு மிளகு சேர்க்கும் நம் அடுக்களை வழக்கத்தை நினைத்து மகிழலாம். ஆனால் அந்த உயர்வும் முதல் ஒரு மணி நேர அளவிலேயே காணப்பட்டது. தட்டில் குர்குமின் வைரஸின் தலைமேலேயே நிற்கிறது. உடலில் அது வாயிலிருந்து குடல், கல்லீரல், இரத்தம் என்று பயணம் செய்து நுரையீரலைப் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குர்குமின் கண்ட கண்ட புரதங்களோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும். இதனால் ஆய்வுக்கூடச் சோதனைகளையே ஏமாற்றி, பலன் இருப்பதுபோலக் காட்டிவிடும். 2017இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் மருந்து வேதியியல் இதழில் வந்த ஒரு நீண்ட கட்டுரை இதை விளக்கி, அதுவரை பல நோய்களுக்கு நடந்த 120க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகளில் முறையான ஒப்பீட்டுடன் நடந்த எதுவும் வெற்றி பெறவில்லை என்று முடித்தது. மஞ்சள் நல்ல உணவு, மங்கலப் பொருள். ஆனால் இன்புளுவென்சாவுக்கு மருந்து என்று நிறுவப்படவில்லை.

காண்டல்: மனிதரிடம் என்ன கண்டார்கள்?

அப்படியென்றால் வழி என்ன? நேரே மனிதரிடம் சோதிப்பதுதான். பாதிப் பேருக்குக் கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல், யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவு செய்து, இரு பக்கமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பச்சைத் தேநீரை ஜப்பானில் அப்படிச் சோதித்தார்கள். முதியோர் இல்லங்களில் பணிபுரியும் 200 சுகாதார ஊழியர்களில் ஒரு பகுதியினருக்குத் தேயிலைப் பொருள் அடங்கிய மாத்திரை கொடுத்தார்கள். இன்புளுவென்சா அறிகுறி கண்டவர்கள் அந்தப் பக்கம் 4.1 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்ற பக்கம் 13.1 விழுக்காடு. நல்ல வேறுபாடு! ஆனால் ஆய்வகச் சோதனையில் உறுதியானவர்களை மட்டும் எண்ணியபோது எண்ணிக்கை மிகச் சிறிதாகி, வேறுபாட்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஷிசுவோகா மாநிலத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகளிடமே ஒரு சோதனை நடந்தது. ஆறு உயர்நிலைப் பள்ளிகள், 747 மாணவர்கள், 90 நாள். ஒரு பகுதியினர் பச்சைத் தேநீரால் தினமும் தொண்டையைக் கொப்பளித்தார்கள். மற்றவர்கள் வெறும் தண்ணீரால் கொப்பளித்தார்கள். நோய் வந்தவர்கள் தேநீர்ப் பக்கம் 4.9 விழுக்காடு, தண்ணீர்ப் பக்கம் 6.9 விழுக்காடு. தேநீர் வென்றதுபோலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் இவ்வளவு சிறிய இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்று 2014இல் வெளியான அந்த ஆய்வு ஒப்புக்கொண்டது.

மருந்துக்கடைகளில் விற்கும் எல்டர்பெரி சிரப்பின் கதையும் இதுதான். 2004இல் நார்வேயில் 60 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், நோய் நான்கு நாள் முன்னதாகவே தணிந்ததாகக் கண்டார்கள். 2020இல் அமெரிக்காவில் 87 நோயாளிகளிடம் மீண்டும் சோதித்தபோது ஒரு பலனும் தெரியவில்லை. ஒரே ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு கொடி பிடிக்கக் கூடாது என்பதற்கு இது பாடம்.

மூலிகை எல்லாமே தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். 2009ஆம் ஆண்டு எச்1என்1 பரவியபோது சீனாவில் 410 நோயாளிகளை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஓசெல்டமிவிர் என்ற மாத்திரை, ஒரு பிரிவுக்குப் பழைய சீனக் குடிநீர்க் கலவை, ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. எதுவும் பெறாதவர்களுக்குக் காய்ச்சல் தணிய நடுத்தரமாக 26 மணி நேரம் ஆனது. மாத்திரைக்கு 20, குடிநீருக்கு 16, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 15. இவர்கள் எல்லோரும் கடுமையில்லாத நோயாளிகள். வெற்று மருந்து வைத்து ஒப்பிடவும் இல்லை. அதனால் இதுவே முடிந்த முடிவு ஆகாது. ஆனாலும் தங்கள் மரபு மருந்தைச் சோதனைக்கு உட்படுத்தும் துணிவு அங்கே இருந்தது. மரபை மதிப்பது என்றால் இதுதான்.

நிலவேம்பு? சளி, இருமல், தொண்டை வலி போன்றவற்றின் தொல்லையைக் குறைப்பதாகப் பல மனிதச் சோதனைகள் காட்டுகின்றன. அவற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 2017இல் நம்பிக்கை தெரிவித்தாலும், பல சோதனைகளின் தரம் குறைவு என்றும் எழுதினார்கள். அதாவது, தொல்லை தணிக்கலாம். உயிராபத்தான இன்புளுவென்சாவைத் தடுக்கும் என்று காட்டப்படவில்லை.

ஐயமும் திரிபும்

"எங்க பெரியப்பா கசாயம் குடிச்சார், நாலு நாள்ல எழுந்துட்டார். இதைவிட என்ன காண்டல் வேணும்?" என்று நீங்கள் கேட்கலாம். நினைவில் வைக்கச் சொன்ன வரியை இப்போது எடுங்கள். பெரும்பாலோருக்கு இன்புளுவென்சா ஒரு வாரத்தில் தானாகவே தணியும். கசாயம் குடித்தவரும் எழுவார், குடிக்காதவரும் எழுவார். குடித்தபின் எழுந்தார் என்பது காட்சி. குடித்ததால் எழுந்தார் என்பது, ஒப்பிட்டுப் பார்க்காத வரையில், கயிற்றில் பாம்பைக் காணும் திரிபாக இருக்கலாம். மாத்திரைக்கும் இதே விதிதான். அதற்காகத்தான் ஒப்பீட்டுச் சோதனை.

அன்னாசிப்பூ சொல்லும் கதை

பிரியாணிக்கும் குழம்புக்கும் தாளிக்கும் அன்னாசிப்பூ, மலாயில் 'பூங்கா லாவாங்', எல்லோர் வீட்டு அடுக்களையிலும் இருக்கும். இன்புளுவென்சாவுக்கு எதிரான புகழ்பெற்ற மாத்திரை ஓசெல்டமிவிர், அதாவது டாமிஃபுளூ, இந்தப் பூவோடு சம்பந்தப்பட்டது என்பது தெரியுமா?

நியூராமினிடேஸ் கத்தரிக்கோலின் வடிவத்தை அறிவியலாளர்கள் 1983இல் கண்டறிந்தார்கள். அதன் வாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் ஒரு மூலக்கூறைச் செய்தால் கத்தரிக்கோல் வெட்டாது என்று திட்டமிட்டு உருவாக்கியதுதான் 1999இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற ஓசெல்டமிவிர். அதைச் செய்யத் தொடக்கப் பொருளாக ஷிகிமிக் அமிலம் தேவைப்பட்டது. அது நிறையக் கிடைக்கும் இடம் அன்னாசிப்பூ. 2005இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் நாடுகள் மாத்திரையை வாங்கிக் குவித்தபோது சீனாவில் அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. பிறகு பாக்டீரியாவைக் கொண்டும் அந்த அமிலத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

உடனே "அப்படின்னா அன்னாசிப்பூத் தேநீர் குடிச்சா டாமிஃபுளூ சாப்பிட்ட மாதிரிதானே?" என்றும் செய்திகள் பரவின. இல்லை. ஷிகிமிக் அமிலத்துக்குத் தனியாக அந்த ஆற்றல் கிடையாது. பல வேதிப் படிகளைத் தாண்டிய பின்தான் அது மருந்தாகிறது. களிமண் இருக்கிறது என்பதற்காகச் சட்டி இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஆபத்தும் உண்டு. ஷிகிமிக் அமிலம் என்ற பெயரே, 1885இல் அது முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஜப்பானிய அன்னாசிப்பூவான 'ஷிகிமி'யிலிருந்து வந்தது. பார்க்க நம் அன்னாசிப்பூ போலவே இருக்கும், ஆனால் நஞ்சு. கைக்குழந்தைகளுக்கு அன்னாசிப்பூத் தேநீர் கொடுத்து வலிப்பு வந்ததால், 2003இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தது. "இயற்கைதானே, என்ன ஆகப் போகுது?" என்ற பேச்சுக்கு இது பதில்.

ஓசெல்டமிவிரையும் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நோய்க்காலத்தை ஒரு நாளுக்கும் சற்றுக் குறைவாகவே குறைக்கிறது. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம். ஆனால் ஆபத்துப் பிரிவினருக்கு மருத்துவர்கள் அதைத் தாமதமின்றிக் கொடுக்கப் பரிந்துரைக்கிறார்கள். இங்கேதான் நம் கசாயத்தின் உண்மையான ஆபத்து இருக்கிறது. கசாயம் பெரும்பாலும் ஆளைக் கெடுப்பதில்லை, நேரத்தைக் கெடுக்கிறது. "மூணு நாள் குடிச்சுப் பார்ப்போம்" என்ற அந்த மூன்று நாளில் 48 மணி நேரம் போய்விடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

திருக்குறளில் 'மருந்து' அதிகாரம், மருத்துவத்தை நான்கு பகுதியாகச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். பெரும்பாலான வீடுகளில் அந்த நான்காவது ஆள், காரோட்டத் தெரிந்த, கைப்பேசி வைத்திருக்கும் நீங்கள்தான்.

ஆகவே, பாட்டிக்குக் கசாயம் கொடுங்கள், தடுக்க வேண்டாம். சூடாகக் குடிப்பது தொண்டைக்கு இதம், உடலுக்கு நீர் சேரும், அன்பாகக் கொடுத்தால் மனத்துக்கும் தெம்பு. ஆனால் அவருக்கு நீரிழிவோ இதய நோயோ இருந்தால், காய்ச்சல் கண்ட முதல் நாளே அரசாங்கக் கிளினிக்குக்கோ பாலிகிளினிக்குக்கோ அழைத்துப் போங்கள். என்ன கசாயம் குடிக்கிறார் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மஞ்சள் மாத்திரை போன்ற செறிவான மூலிகைப் பொருள்களைத் தாமாக எடுக்கக் கூடாது. கர்ப்பிணிகள் நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும்.

மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, குழப்பமான பேச்சு, உதடு நீலமாதல், குறைந்த காய்ச்சல் மறுபடி கடுமையாகத் திரும்புதல், குழந்தை எதுவும் குடிக்க மறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்காதீர்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. ஆவி பிடிக்கும் கொதிநீரைச் சிறுவர் அருகில் வைக்காதீர்கள்.

மலேசியாவில் பாரம்பரிய மருந்து வாங்கினால், பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி டி என்ற எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லாத பொருள்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. அதேநேரம், அந்த எண் தரத்துக்கும் பாதுகாப்புக்கும்தான், நோயைத் தீர்க்கும் என்பதற்கு உத்தரவாதமல்ல.

ஆண்டுதோறும் போடும் இன்புளுவென்சா தடுப்பூசி நோயை முழுமையாகத் தடுக்காது. ஆனால் கடுமையான நோயும் மரணமும் நேரும் வாய்ப்பைக் குறைக்கிறது. பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் நினைவூட்டுங்கள்.

ஆலயத் திருவிழாவில் நம் இளைஞர்கள் மூலிகைப் பானம் வழங்குவது நல்ல தொண்டு. அந்தப் பலகையில் "ஃபுளூவைக் கொல்லும்" என்று எழுதாமல், "தொண்டைக்கு இதம், தாகத்துக்கு நல்லது" என்று எழுதுவோம். மூலிகையின் பெருமை அதனால் குறையாது. நம் சொல்லை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகாமல் இருந்துவிடக் கூடாது. வாய்மையும் ஒரு தர்மம்தானே.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மூலிகை எது? அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது காண்டலா, கருதலா, உரையா?

2. "வைரஸை 99 விழுக்காடு அழிக்கும் மூலிகை" என்று ஒரு விளம்பரம் வருகிறது. தட்டிலா, விலங்கிலா, மனிதரிடமா என்பது தவிர, வேறு என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்?

3. கிளினிக்குக்கு வர மறுக்கும் தாத்தாவிடம், அவர் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் எப்படிப் பேசுவீர்கள்? இருவர் இருவராகப் பேசி நடித்துப் பாருங்கள்.